என் வலது முழங்கையும் தங்கள் வாக்கும்

பெமாத்தாங் சியந்தார்,
14 அக்டோபர் 1997

பாலிக்பாப்பான் எண்ணெய்க் கம்பெனிக் குடியிருப்பில் வாழ்பவரும், என் மனைவி தியோடோராவின் மூத்த சகோதரரும், எங்களுக்குப் பெண் கொடுத்த வீட்டின் தலைமகனும், ஆகவே எங்கள் கண்ணுக்குத் தெரிகிற தெய்வமுமாகிய மைத்துனர் பார்லின் மனிஹுருக் அவர்களுக்கு, தங்கள் தங்கையின் கணவன் ஜவுலாஹன் சியல்லாகன் தலை தாழ்த்தி எழுதிக்கொள்வது.

கர்த்தர் கிருபையால் இங்கு நானும் தங்கள் தங்கையும் மகள் லாம்ரியாவும் சுகம். அங்கு தாங்களும் அண்ணியாரும் பிள்ளைகளும் சுகமாயிருக்க ஞாயிறுதோறும் மன்றாடுகிறோம். போன கிறிஸ்துமஸுக்குத் தாங்கள் அனுப்பிய மீன் அப்பளம் வந்து சேர்ந்தது. பாதி உடைந்திருந்தது. உடையாத பாதிக்கு எங்கள் நன்றி.

மச்சான், இதை நான் என் வலது கையால் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பெண் கொடுத்த வீட்டாரைக் குறை சொன்னால் வயலில் நெல் பதராய்ப் போகும் என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். எனக்கு வயல் கிடையாது, அந்தத் தைரியத்தில்தான் பேனாவை எடுத்தேன். ஆனாலும் இதில் வருவது எதையும் குறை என்று தாங்கள் எடுத்துக்கொள்ளக் கூடாது. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன், அவ்வளவுதான்.

தாங்கள் அறிந்ததுதான், இருபத்தாறு வருடமாக நான் ஜபாலுக்கின் பேண்டில் டிராம்போன் ஊதுகிறவன். கல்யாணமோ சாவோ, தாத்தாவின் எலும்பைத் தோண்டி எடுத்துப் புதுக் கல்லறையில் வைக்கிற விருந்தோ, சியந்தாரைச் சுற்றி முப்பது மைலுக்குள் எங்கள் பித்தளை கேட்காமல் எதுவும் நடந்ததில்லை. மற்ற வாத்தியங்களுக்குப் பொத்தான் இருக்கிறது, துளை இருக்கிறது. டிராம்போனுக்கு ஒரு குழாய்தான். வலது கையால் அதை நீட்டியும் இழுத்தும் சுரம் பிடிக்க வேண்டும். ஏழு இடம் உண்டு. முதல் இடம் மூக்குக்குப் பக்கத்தில் வரும். ஏழாவது இடத்துக்குக் கை கட்டை மாதிரி நேராக நீள வேண்டும். சுருக்கமாகச் சொன்னால் என் வீட்டில் உலை கொதிப்பது என் வலது முழங்கையால்.

போன வருடம் ஆகஸ்டில் ஒரு சாவு வீட்டுக்கு ஊதிவிட்டு மூன்று சக்கர மோட்டார் பெச்சாவில் திரும்பி வருகிறேன். பராபாத் ரோட்டு வளைவில் ஒரு எருமை குறுக்கே வந்தது, பெச்சாக்காரன் எருமையைக் காப்பாற்றினான். வண்டி கவிழ்ந்தால் மனுஷன் கையை ஊன்றுவான். நான் டிராம்போனை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டேன். டிராம்போனுக்கு ஒரு கீறல் இல்லை. எனக்கு முழங்கை மூட்டு விலகி, உள்ளே ஒரு எலும்பும் பிளந்துவிட்டது. இங்குள்ள டாக்டர் மூட்டை இழுத்து உட்கார வைத்து, மேடானுக்குப் போய் அறுவை செய்து எலும்பைப் பொருத்திக்கொள், ஒரு வாரத்துக்குள் போ என்றார். தங்கள் தங்கை நேராக டெலிபோன் கடைக்குப் போய்த் தங்களோடு முக்கால் மணி நேரம் பேசினாள். திரும்பி வந்து தங்கள் வாக்கைச் சொன்னாள்: கத்தி வைக்க விடாதே, மலைமேல் இருக்கிற தாடிக்கார எலும்பு வைத்தியரிடம் கூட்டிப் போ. பெண் கொடுத்தவர் சொன்ன பிறகு மறுபேச்சு என்ன இருக்கிறது? போனேன்.

தாடிக்காரர் மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார். நாற்பது நாள், தினமும் காலையில் கட்டை அவிழ்த்து எண்ணெய் ஊற்றி முழங்கையைப் பிசைந்தார். பிசைந்தார் என்பது மரியாதைக்கு எழுதுகிற வார்த்தை. விறைத்த மூட்டு சேற்றில் படுத்த எருமை மாதிரி, அடித்துத்தான் எழுப்ப வேண்டும் என்பார். எருமை என்ற பேச்சே எனக்கு ஆகவில்லை. கத்தினால் அவருக்குக் கோபம் வரும் என்பதால் நான் ஞானப்பாட்டுப் பாடினேன். அவர் வீட்டுக்கு வெளியே காத்திருந்த நோயாளிகள், உள்ளே ஜெபக்கூட்டம் நடக்கிறதென்று செருப்பைக் கழற்றிவிட்டுத் தலைகுனிந்து நின்றார்களாம். நாற்பதாம் நாள் பத்தையை எடுத்தபோது கை சட்டை மாட்டுகிற கொக்கி போல நின்றது. முழுக்க நீட்டினால் பூஜ்யம், முழுக்க மடக்கினால் நூற்று நாற்பது டிகிரி என்று பின்னால் மேடானில் சொன்னார்கள். என் கை எழுபதுக்கும் நூறுக்கும் நடுவே மாட்டிக்கொண்டது. அங்கே இரும்புக் கதவில் இடிப்பது போல ஓர் இடி, இங்கே ஓர் இடி, அதற்குமேல் கிடையாது.

அந்த அளவில் ஒரு மனுஷன் எப்படி வாழ்கிறான் என்று தாங்கள் யோசித்திருக்க மாட்டீர்கள். சோறு தட்டிலிருந்து கிளம்பும், வாய்க்கு முன்னால் ஒரு சாண் தூரத்தில் நின்றுவிடும். வாய்தான் இறங்கி வர வேண்டும். காலர் பொத்தான் எட்டாது, காது எட்டாது. கோயிலில் காணிக்கைப் பை வந்தால் எழுந்து நின்று உடம்பையே திருப்பிக் கொட்டுவேன், ஏதோ பெரிய தொகை போடுகிறேன் என்று பின்வரிசை எட்டிப் பார்க்கும். யாராவது கை குலுக்க வந்தால் என் கை அவர்கள் வயிற்றுக்கு நேராகப் போய் நிற்கும். கள்ளுக்கடையில் எனக்குக் "கொக்கி" என்று பெயர் வைத்து, தொப்பியைக் கொண்டுவந்து என் மணிக்கட்டில் மாட்டினார்கள். சிரித்தேன். வீட்டுக்கு வந்து இடது கையால் சட்டையைக் கழற்ற முடியாமல் கிழித்தேன்.

டிராம்போனில் ஏழில் மூன்று இடம்தான் மிச்சம். ஜபாலுக் நல்லவர். அந்த மூன்றில் அடங்குகிற பாட்டுக்கு மட்டும் ஊது, மற்றதுக்குக் கன்னத்தை உப்ப வைத்துக்கொண்டு சும்மா நில் என்று ஐந்து மாதம் வைத்துக்கொண்டார். பிப்ரவரியில் கொள்ளுப்பேரன் கண்ட ஒரு பெரியவரின் அடக்கம். பெட்டி குழிக்குள் இறங்கியாயிற்று. கடைசி ஞானப்பாட்டின் கடைசி அடி கீழே கீழே இறங்கி, ஏழாவது இடத்தில் போய் முடியும். அத்தனை ஜனம் அழுகிறபோது அந்த அடியை விட எனக்கு மனம் வரவில்லை. முழங்கை நீளாவிட்டால் என்ன, தோள் இருக்கிறதே என்று தோளை வீசினேன். குழாய் கையை விட்டுப் பறந்து குழிக்குள் பெட்டி மூடிமேல் விழுந்தது. அந்தச் சத்தத்தை நான் சாகிற வரை மறக்க மாட்டேன். அதன்பின் ஆரம்பித்தது வழக்கு. குழிக்குள் போனது அப்பாவுக்கே சொந்தம், மேலே எடுத்தால் வீட்டுக்கு ஆகாது என்றார்கள் மகன்கள். பித்தளையோடு எங்கள் மச்சான் புதைக்கப்படுவதா என்றார்கள் பெண் கொடுத்த வீட்டார். ஆளுக்கு ஒரு முன்னுதாரணம் சொன்னார்கள். போதகர் கடிகாரத்தைப் பார்த்தார், தூறல் விழுந்தது. அரை மணி நேரம் கழித்துக் குழிவெட்டி யாரையும் கேட்காமல் உள்ளே இறங்கிக் குழாயை எடுத்து என் கையில் கொடுத்தான். அன்று சாயங்காலம் ஜபாலுக் வீட்டுக்கு வந்து, காப்பி குடித்து, வானிலை பேசி, போகும்போது பேண்டுச் சட்டையைத் திருப்பிக் கேட்டார்.

மார்ச்சில் மேடானுக்குப் போனேன். எலும்பு டாக்டருக்கு முப்பத்து நாலு வயது. பெயர் லும்பன்ராஜா என்றார். என் அம்மா பிறந்த குலம் லும்பன்ராஜா. இரண்டு பேரும் தலைமுறையை எண்ணிப் பார்த்ததில் அவர் எனக்குத் தாய்மாமன் முறை. ஐம்பத்திரண்டு வயதில் நான் அவரை மாமா என்று கூப்பிட வேண்டியதாயிற்று. அவரும் கூச்சப்படாமல் மருமகனே என்றார். எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் வைத்துக் காட்டினார். மூட்டைச் சுற்றியிருக்கிற உறை சுருங்கித் தோல் மாதிரி தடித்திருக்கிறது. அதோடு, எலும்பு இருக்கக்கூடாத சதைக்குள்ளே எலும்பு முளைத்திருக்கிறது. அடிபட்ட முழங்கையை முரட்டுத்தனமாக இழுத்துப் பிசைந்தால் சில பேருக்கு இப்படி ஆகும் என்றார். பிசையச் சொன்னது யார் என்று கேட்டார். நான் தங்கள் பெயரைச் சொல்லவில்லை, மச்சான். உறவுக்காரர் ஒருவர் என்றேன். தங்கள் தங்கை கைப்பையைத் திறந்து எதையோ தேடிக்கொண்டிருந்தாள்.

அறுவைதான் வழி, ஆனால் புதிதாக முளைத்த எலும்பு முற்றி அடங்கட்டும், பிறகு கத்தி வைக்கலாம் என்று ஜூலைக்கு நாள் குறித்தார். முழங்கைக்கு வெளிப்பக்கம் ஒரு வெட்டு, உள்பக்கம் ஒரு வெட்டு. உறையைக் கிழித்து எடுப்பது, முளைத்ததைச் செதுக்குவது, சுண்டுவிரலுக்குப் போகிற நரம்பை அதன் குழியிலிருந்து தூக்கி வேறு இடத்தில் வைப்பது. அந்த நரம்பு கோபித்துக்கொண்டால் சுண்டுவிரல் செத்துப்போகலாம், எல்லாம் நன்றாக நடந்தாலும் கை பழையபடி முழுக்கத் திரும்பாது என்றார். உங்களுக்கு நீட்டுவது முக்கியமா, மடக்குவது முக்கியமா என்றும் கேட்டார்.

"வாய்க்கு எட்டணும்" என்றாள் தங்கள் தங்கை.

"ஏழாவது இடத்துக்கு எட்டணும்" என்றேன் நான்.

டாக்டர் மாமா இருவரையும் பார்த்தார். "புருஷனும் பொண்டாட்டியும் முழங்கைகிட்ட தனித்தனியா மனுப் போடாதீங்க. நான் ரெண்டுக்கும் பார்க்கிறேன். ஆனா நான் செய்யறது பாதி வேலை. மிச்சத்தை ஆறு வாரம் நீங்க அழுதுகிட்டே செய்யணும்."

எனக்குப் பயம்தான். ஆனால் அதைவிடப் பெரிய சிக்கல் தாங்கள். தங்கள் வாக்குக்கு எதிராகக் கத்திக்குக் கையைக் கொடுக்கலாமா? ஒரு வாரம் யோசித்தேன். தாய்மாமனும் பெண் கொடுத்த வீட்டார்தானே, என் அப்பாவுக்கு. என் மனைவி வீட்டுக்கு முன்னால் வந்த வீடு அது. ஆகவே மாமா சொல் பெரிது என்று முடிவுக்கு வந்தேன். அப்படியும் தங்கள் தங்கை தங்களைக் கேட்காமல் கையெழுத்துப் போட மாட்டேன் என்று டெலிபோன் கடைக்குப் போனாள். இந்த முறை பத்தே நிமிடத்தில் திரும்பி வந்து, அண்ணன் சரி என்றுவிட்டார் என்றாள். ஏழு மாதம் முன்னால் முக்கால் மணி நேரம் வேண்டாம் என்று சொன்ன வாய் பத்து நிமிடத்தில் சரி என்றதே என்று எனக்கு வயிறு எரிந்தது. இன்றைக்கும் எரிகிறது. அதற்கு வலி மாத்திரை ஒரு காரணம், தாங்கள் ஒரு காரணம்.

ஜூலை மூன்றாம் தேதி. தோளிலிருந்து விரல் வரை மரக்க ஊசி போட்டு, முகத்துக்கு முன்னால் பச்சைத் துணி கட்டினார்கள். அரைத் தூக்கம். துணிக்கு அந்தப் பக்கம் தச்சன் வேலை நடந்தது. உளி வைப்பது கேட்டது, சுத்தியல் தட்டுவது கேட்டது. ஒவ்வொரு தட்டுக்கும் என் பல் ஆடியது, வலி மட்டும் இல்லை. இரண்டரை மணி நேரம் கழித்துத் துணிக்கு மேலே ஒரு கை எழுந்தது. நேராக, முழுசாக, கொடிக்கம்பம் மாதிரி. யாருடைய கை அது என்று கேட்டேன்.

"உங்க கைதான் மருமகனே. நல்லா பார்த்துக்கோங்க. இவ்வளவு நான் குடுத்திருக்கேன். விட்டா திரும்பப் பிடுங்கிக்கும்."

மரப்பு போகப் போகக் கை திரும்பி வந்தது, வந்ததே வலியாகத்தான் வந்தது. தோள் விழித்தது, கட்டைவிரல் விழித்தது, நடுவிரல் விழித்தது. சுண்டுவிரல் விழிக்கவில்லை. கிள்ளினேன், கடித்தேன். வேறு யாருடைய விரலையோ கடிப்பது போல இருந்தது. மறுநாள் காலையிலேயே கையை மடக்கி நீட்டுகிற பயிற்சி ஆரம்பம். அதற்கு வுரியானி என்று ஒரு ஜாவாக்காரப் பெண் வந்தாள். ஐந்தடி உயரம் இருக்க மாட்டாள், குரல் பஞ்சு மாதிரி. நம் ஆட்கள் என்றால் கத்திக்கொண்டே அடிப்பார்கள், அடி வருவது முன்கூட்டியே தெரியும். இவள் ஒவ்வொரு இழுப்புக்கும் முன்னால், "மன்னிச்சுக்கோங்க ஐயா, இன்னும் கொஞ்சம்" என்பாள். அந்த மன்னிப்பைக் கேட்டதும் எனக்கு உள்ளங்கால் வியர்க்கும். தாடிக்காரர் செய்ததும் இதுதானே என்று கேட்டதற்கு, அவர் எலும்பு அடங்காத காலத்தில் உங்களை ஓலமிட வைத்து இழுத்தார், நான் உங்களையே மடக்க வைத்துக் கடைசியில் கொஞ்சம் துணைக்குப் பிடிக்கிறேன் என்றாள். எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

பதினாறாம் நாள் வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தபோது சுண்டுவிரலில் ஒரு செவ்வெறும்பு கடித்தது. கடித்தது எனக்குத் தெரிந்தது. நான் போட்ட சத்தத்தில் லாம்ரியா துடைப்பத்தோடு ஓடி வந்தாள். எறும்பை அடிக்க விடவில்லை. இன்னொரு தடவை கடிக்கட்டும் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். அதற்கு வேறு வேலை இருந்தது, போய்விட்டது.

அந்தச் சந்தோஷம் ஐந்து நாள் நீடித்தது. மூன்றாம் வாரம் கை வீங்கி, மறுபடி இறுக ஆரம்பித்தது. ஆஸ்பத்திரியை விட்டு வரும்போது முப்பதிலிருந்து நூற்றுப் பதினைந்து வரை போன கை, ஐம்பத்தைந்துக்கும் தொண்ணூற்றைந்துக்கும் நடுவே வந்து நின்றது. டாக்டர் மாமா இந்த முறை மருமகனே என்று கூப்பிடவில்லை. பத்து நாள் பார்ப்போம், அதற்குள் விடாவிட்டால் மயக்கம் கொடுத்து அழுத்தி விட வேண்டும், அதில் எலும்பு முறியலாம், நரம்பும் போகலாம் என்றார். 

அந்தப் பத்து நாளை எப்படி எழுதுவது? தங்கள் தங்கை சந்தைக்குப் போவதை நிறுத்தினாள். பகலில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை தரையில் துண்டைச் சுருட்டி வைத்து, அதன்மேல் என் முழங்கையை வைத்து, எதிரில் உட்கார்ந்து மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வாள். நான் முடிந்தவரை நீட்ட வேண்டும். நின்ற இடத்தில் அவள் பிடித்துக்கொண்டு ஒரு ஞானப்பாட்டில் ஒரு சரணம் பாடுவாள், பாடி முடிகிற வரை விட மாட்டாள். பிறகு மடக்க ஒரு சரணம். அந்தப் பாட்டை நான் ஆயிரம் சாவில் ஊதியிருக்கிறேன், இவ்வளவு மெதுவாக யாரும் பாடிக் கேட்டதில்லை. தாளம் இழுக்கிறது, வேகமாகப் பாடு என்று கெஞ்சினேன். இதுதான் தாளம் என்றாள். என் முகத்தைப் பார்க்கவே மாட்டாள். சுவரில் மாட்டிய காலண்டரைப் பார்த்துக்கொண்டே பாடுவாள். ஏழாம் நாள் எனக்குத் தாங்கவில்லை. துண்டைக் காலால் உதைத்தேன். உன் அண்ணன் ஒரு வார்த்தை சொல்லி என் கையை முடித்தார், நீ உயிரை முடி என்றேன். அவள் எழுந்து கொல்லைப் பக்கம் போனாள். நான் சொன்னது அதிகம் என்று எனக்கே தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் அதே துண்டோடு திரும்பி வந்தாள்.

"லாம்ரியா அப்பா, உக்காருங்க. இன்னும் ரெண்டு சரணம் பாக்கி."

உட்கார்ந்தேன்.

பத்தாம் நாள் மேடானில் வுரியானி அளவுகோலை வைத்தாள். ஒரு தடவை வைத்து எழுதாமல், மறுபடி வைத்தாள். நான் சுவரைப் பார்த்தேன், தங்கள் தங்கை என்னைப் பார்த்தாள். முப்பது, நூற்று இருபது. டாக்டர் மாமா வந்து அவரும் ஒரு தடவை மடக்கிப் பார்த்துவிட்டு, "மருமகனே, மயக்கம் வேண்டாம். வீட்டுக்குப் போங்க" என்றார். வயதில் சின்னவர் ஆனாலும் மாமா காலில் விழ எனக்கு முறை இருந்தது, விழுந்தேன். எழுந்திருக்க வலது கையை ஊன்றினேன். ஊன்ற முடிந்தது.

இப்போது இருபதும் நூற்று இருபத்தைந்தும். சோறு வாய்க்குப் போகிறது. தோளைத் தொட முடியாது, தொட்டு ஆகப்போவது ஒன்றுமில்லை. ஏழாவது இடத்துக்கு இரண்டு விரற்கடை பாக்கி, தோளைக் கொஞ்சம் முன்னால் தள்ளிச் சரிக்கட்டிக்கொள்கிறேன். போன மாதம் ஜபாலுக் ஒரு கல்யாணத்துக்குக் கூப்பிட்டு, பின்வரிசையில் நிறுத்தி மூன்று பாட்டு கேட்டார். நாலாவது பாட்டுக்கு, "முன்னால வா" என்றார். 

மச்சான், டிசம்பரில் கோயிலில் லாம்ரியாவுக்கு நடக்கும் திடப்படுத்தல் சடங்குக்குத் தாங்கள் வரவேண்டும். வந்தால் தங்களுக்குரிய மரியாதை ஒரு இம்மியும் குறையாது. பன்றியைத் தலையோடும் வாலோடும் சமைத்துத் தங்கள் முன்னால் வைப்போம், இரண்டு கையாலும் வைப்பேன், இப்போது இரண்டும் நீள்கின்றன. ஆனால் சாப்பிட உட்காருமுன், தங்கள் தங்கை முன்னிலையில், "கத்தி வேண்டாம் என்று நான் சொன்னது தப்பு" என்று தாங்கள் ஒரே ஒரு தடவை சொல்ல வேண்டும். மெதுவாகச் சொன்னாலும் போதும். சொல்லாவிட்டால் நான் என்ன செய்வேன் என்று இன்னும் முடிவு செய்யவில்லை. இவ்வளவு வலியையும் பொறுத்தவனுக்கு இதைப் பொறுக்க முடியவில்லை.

கர்த்தர் தங்கள் வீட்டுக் கூரைக்குக் கீழே இருப்பவர் அனைவரையும், கிணற்றுக்குள் இறங்குகிற எண்ணெய்க் குழாய்களையும் காப்பாராக. அண்ணியாருக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு முத்தம்.

என்றும் தங்கள் சொல்லுக்குக் கட்டுப்பட்ட,
ஜவுலாஹன் சியல்லாகன்

பின்குறிப்பு: மேலே உள்ளது காலையில் எழுதியது. உறைமேல் விலாசம் எழுதத் தங்கள் தங்கையிடம் கொடுத்தேன், அவள் எழுத்து அழகு. அவள் உள்ளே இருந்ததையும் எடுத்து, நின்றபடியே முழுக்கப் படித்தாள். படித்து முடித்ததும் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அண்ணன் அப்படிச் சொல்லல. அன்னைக்கே மேடானுக்குக் கூட்டிட்டுப் போ, நான் வேணா லீவு போட்டுட்டு வரேன்னுதான் சொன்னாரு. முக்கால் மணி நேரம் அதையேதான் சொன்னாரு. அம்மா பித்தப்பை ஆபரேஷனுக்குன்னு நடந்து போயி பெட்டியில வந்தாங்க. உங்களையும் அப்படி அனுப்ப எனக்கு முடியல. நான் சொன்னா கேக்க மாட்டீங்க, அண்ணன் சொன்னாருன்னா கேப்பீங்க. அதான் மாத்திச் சொன்னேன்."

அப்படியானால் இரண்டாவது தடவை, பத்து நிமிடத்தில் சரி என்றாரே அது என்று கேட்டேன். அன்று போன் பண்ணவே இல்லையாம். கடை வாசலில் நின்றுவிட்டுத் திரும்பி வந்தாளாம்.

மச்சான், பதினான்கு மாதமாகத் தாங்கள் இந்த வீட்டில் என்னிடம் வாங்கிய திட்டு கொஞ்சமில்லை, எல்லாவற்றையும் அவள் பக்கத்தில் இருந்து கேட்டிருக்கிறாள். டிசம்பரில் தாங்கள் ஒன்றும் சொல்ல வேண்டாம். தப்பு என்று இப்போது நான் சொல்கிறேன். அவள் இந்தக் கடிதத்தைக் கிழித்துவிடுங்கள் என்றாள். இவ்வளவையும் திரும்ப எழுத இந்த முழங்கை ஒத்துக்கொள்ளாது. அதோடு, தாங்கள் செய்யாத குற்றத்துக்கு எவ்வளவு தண்டனை அனுபவித்தீர்கள் என்று தாங்களாவது தெரிந்துகொள்ள வேண்டும். அப்படியே அனுப்புகிறேன் என்றேன். சரி என்று எழுந்து போய்த் தபால்தலையை அவளே நாவில் தொட்டு ஒட்டினாள்.

மணி நான்காகிறது. துண்டைச் சுருட்டி வைத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்திருக்கிறாள், இந்த வரியை நான் முடிக்கட்டும் என்று. இன்றைக்காவது கொஞ்சம் வேகமாகப் பாடு என்று கேட்டுப் பார்த்தேன். மாட்டாளாம்.